மூச்சு முட்டவில்லை

சுந்தரம்,

உன் இன்லண்ட் லெட்டர் முந்தாநாள் மத்தியானம், நான் முதல் ஷிப்ட் முடிந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது வந்தது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்திருக்கிறாய். இங்கே யாரும் நலமில்லை. நீ நலம் என்பதைப் படித்தபோது வந்த கோபத்தில் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்துவிட்டேன். உன் அம்மா சோற்றுப் பருக்கையை நசுக்கி அதை ஒட்டிக் கொடுத்தாள். அந்த ஒட்டுப்போட்ட தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைக்க வேண்டியதில்லை. கடலூரில் உன்னைத் தங்க வைத்திருக்கிற கான்ட்ராக்டரிடம் காட்டு. கார்த்திகையில் உனக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்களிடம் காட்டு. இதில் இருக்கிற எதையும் யார் முன்னால் வேண்டுமானாலும் நானே வந்து படிக்கிறேன்.

நீ என்னிடம் கேட்டிருப்பதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். எழுதி முடித்த பிறகு அதை நீ ஒரு தடவைகூடப் படித்துப் பார்த்திருக்க மாட்டாய். கலியபெருமாள் பெயின்ட் வேலைக்காக இரும்புத் தொட்டிக்குள் இறங்கினான்; உள்ளே அவனுக்கு மூச்சு முட்டியது; நீ மூன்று தடவை மேலே வரச் சொல்லிக் கூப்பிட்டாய்; அவன் அலட்சியமாக மேலும் இறங்கி விழுந்து செத்தான். வேலையைப் பார்த்த சுப்பர்வைசராக இதை நீ ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாய். இப்போது விசாரணைக்கு நான் வந்து, குழாய், பம்ப், தொட்டி என்று காலமெல்லாம் வேலை பார்த்த ஃபிட்டர் என்கிற முறையில், மூச்சு முட்டினால் எந்த மனுஷனும் மேலே ஏறி வந்துவிடுவான், ஏறாதது அவன் தப்பு என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்தான் அப்பா என்று கெஞ்சியிருக்கிறாய்.

அந்த ஒரு வாக்கியம் பொய். சுப்பர்வைசர் மாதிரி நோட்டில் படித்துவிட்டு இதைச் சொல்லவில்லை. நான் அதே மாதிரி ஒரு தொட்டிக்குள் விழுந்து கிடந்தவன். அங்கே மூச்சு முட்டாது. இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. உன் அம்மாவுக்கே முந்தாநாள்தான் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. நீ பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தாய். நமக்கு அப்போது குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. சாத்தூர் மில் வேலையை விட்டுவிட்டு வந்து, தகரக் கூரை போட்ட வரிசை வீட்டில் நானும் உன் அம்மாவும் வெந்துகொண்டிருந்தோம். நான் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் இருந்தேன். பர்மனென்ட் வேலைக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. கட்டட வேலைக்குத் தண்ணீர் தேக்கி வைத்த ஒரு பழைய இரும்புத் தொட்டி, இரண்டு ஆள் உயரம். தண்ணீரை வடித்து, மேலே இருக்கிற மூடியைப் போல்ட் போட்டு முறுக்கி, ஐந்தாறு மாதமாக அப்படியே விட்டிருந்தார்கள். அடியில் இருந்த வால்வைக் கழற்றி எடுக்க வேண்டும். எனக்கு உதவியாக வந்தவன் இதே கலியபெருமாள், நம் கலியன். கம்மாபுரம் பக்கத்து ஊர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. சின்ன வயதிலிருந்து கூலிக்கு நாற்று நட்டு, கிணற்றில் விழுந்த வாளியும் குடமும் முங்கி எடுத்துக் கொடுத்துப் பிழைத்தவன். மூடியைத் திறந்ததும் அவன் சொன்னான், கொஞ்ச நேரம் காத்தாட விடலாங்க என்று. அந்த நாற்றமில்லாத வெற்றுத் தொட்டியில் காற்றாட என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு நான் ஸ்பானரோடு இறங்கினேன்.

அங்கே என்ன நடந்தது என்பதை நன்றாகக் கேட்டுக்கொள். உள்ளே துரு வாசனை இருந்தது, ஈரமாக, கொஞ்சம் சூடாக. மூச்சு வழக்கம்போல உள்ளே போனது, வெளியே வந்தது. நெஞ்சு அடைக்கவில்லை, இருமல் இல்லை, கண் எரியவில்லை. அதைவிட வெட்கக்கேடு, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏதோ சுமையை இறக்கி வைத்த மாதிரி உடம்பு லேசாகி, இன்டர்வியூவில் என்னை எடுத்துவிடுவார்கள் என்று நிச்சயமாகத் தோன்றிச் சிரித்துக்கொண்டேன். போல்ட்டில் ஸ்பானரை மாட்டப் பார்த்தேன். கை போல்ட்டுக்குப் பக்கத்தில் போகிறதே தவிர அதைத் தொடவில்லை. ஸ்பானர் கீழே விழுந்த சத்தம் அடுத்த தெருவிலிருந்து கேட்கிற மாதிரி கேட்டது. பயம் என்று ஒரு துளி இல்லை. அதற்கப்புறம் எனக்கு நினைவே இல்லை.

கண் விழித்தபோது தொட்டிக்கு வெளியே மணலில் மல்லாந்து கிடந்தேன். தலை பிளந்துவிடும்போல வலி. பக்கத்தில் கலியன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாய் மாதிரி இரைத்துக்கொண்டிருந்தான். நான் விழுந்ததை மேலிருந்து பார்த்திருக்கிறான். உள்ளே ஏதோ சரியில்லை என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. வெளியிலேயே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கிணற்றில் முங்குகிற மாதிரி அதை அப்படியே அடக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, என் அக்குளுக்கடியில் கயிற்றைக் கட்டிவிட்டு, அந்த ஒரே மூச்சில் மேலே ஏறி வந்து, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு இழுத்திருக்கிறான். உள்ளே அவன் ஒரு தடவை மூச்சை விட்டு இழுத்திருந்தால் இரண்டு பேரும் அங்கேயே முடிந்திருப்போம். அந்த மனுஷனைத்தான் அலட்சியக்காரன் என்று நீ எழுதியிருக்கிறாய்.

அன்று சாயங்காலம் தலைவலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். மூச்சு முட்டவே இல்லை, எப்படி மயக்கம் வந்தது என்று நான் திரும்பத் திரும்பக் கேட்கவும், அந்த அம்மா என்னை நாற்காலியில் உட்கார வைத்து, மூச்சை அடக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு துள்ள ஆரம்பித்தது, வயிறு இழுத்தது, முடியாமல் புஸ்ஸென்று விட்டுவிட்டேன். ஏன் விட்டீங்க என்று கேட்டார். காற்று இல்லாமல் போய்விட்டது என்றேன்.

"இல்ல. உங்க ரத்தத்துல இன்னும் பிராணவாயு தாராளமா இருந்தது. உங்களைத் துடிக்க வச்சது அது குறைஞ்சது இல்ல. உடம்புக்குள்ள உண்டாகிற கரியமில வாயு வெளிய போக வழியில்லாம சேர்ந்துகிட்டே வந்ததே, அதுதான்" என்றார்.

பிடரிக்கு மேலே, மூளையும் முதுகுத்தண்டும் சேருகிற இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பாகம் இருக்கிறதாம். முகுளம் என்று பெயர் சொன்னார். நாம் தூங்கினாலும், பேசினாலும், மயங்கிக் கிடந்தாலும் மூச்சை நடத்துவது அதுதான். அது ஒவ்வொரு நிமிஷமும் ரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் ஏறினால் மூச்சை வேகப்படுத்தும். நிறைய ஏறினால் நம்மைத் துடிக்க வைக்கும். ஓடினால் இரைப்பதும், முங்கினால் நெஞ்சு வெடிப்பதும் அதனால்தான். பிராணவாயு குறைந்தால் சொல்வதற்குக் கழுத்து ரத்தக்குழாயில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறதாம். ஆனால் அது மெதுவான ஏற்பாடு, நன்றாகக் குறைந்த பிறகுதான் முழித்துக்கொள்ளும், அதற்குள் புத்தி போய்விடும் என்றார். என் தொட்டியில் நான் மூச்சு விட விடக் கரியமில வாயு ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருந்தது. அதனால் பிடரியில் இருக்கிறது எல்லாம் சரி என்று சும்மா இருந்துவிட்டது. உள்ளே வந்த காற்றில் பிராணவாயு இல்லை என்பதைச் சொல்ல ஆள் இல்லை.

அது எங்கே போயிற்று என்று கேட்டேன். துரு என்றால் என்னவென்று நினைத்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். ஈர இரும்பு காற்றிலிருக்கிற பிராணவாயுவை எடுத்துக்கொண்டுதான் துருவாகிறதாம். மூடி வைத்த தொட்டியில் மாதக்கணக்கில் சுவர் முழுக்க அதை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. விஷவாயு ஒன்றும் இல்லை. வாசனை இல்லை, நிறம் இல்லை. நாம் வாழ்கிற காற்றில் நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவிட்ட காற்று. இனிமேல் மூடிக் கிடந்த எதற்குள்ளும் இறங்குமுன் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துக் காற்றை ஊதிவிட வேண்டும், பிறகு எரிகிற அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார். நம்மால் தாங்க முடிகிற அளவுக்குக்கூட நெருப்பால் தாங்க முடியாது, நாம் விழுவதற்கு முன்னாலேயே அது அணைந்துவிடும். ஆனால் விஷவாயுவையும் பற்றிக்கொள்கிற வாயுவையும் விளக்கு காட்டாது, அதற்கு வேறு சோதனை வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு உன் நினைவுதான் வந்தது. உனக்கு இரண்டு வயதில் ஒரு பழக்கம் இருந்தது. கேட்டது கிடைக்காவிட்டால் ஒரு அழுகை அழுவாய், அடுத்த அழுகைக்கு மூச்சு எடுக்க மாட்டாய். உதடு நீலமாகும், கண் சொருகும், உடம்பு விறைக்கும். உன் அம்மா அலறுவாள். நான் முகத்தில் தண்ணீர் அடிப்பேன். நினைவு திரும்பியதும் கேட்டதைக் கொடுத்துவிடுவோம். பொம்மை, வெல்லம், என் பேனா, எதுவானாலும். நீ செத்துவிடுவாய் என்று அவ்வளவு பயம். எந்தக் குழந்தையாலும் தன் மூச்சைத் தானே நிறுத்திக்கொள்ள முடியாது, மயங்கிய அந்த நொடியே உடம்பு பொறுப்பை எடுத்துக்கொண்டு மூச்சை இழுத்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உன்னைப் பிழைக்க வைத்தது நாங்கள் கொடுத்த வெல்லம் இல்லை. நாங்கள் வீணுக்குப் பயந்து உனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டோம். கொஞ்ச நேரம் எல்லோரையும் பதற வைத்தால் நீ கேட்டது நடந்துவிடும் என்று. பரீட்சையில் தோற்றபோதும், ஹாஸ்டலில் அடிதடி செய்தபோதும் அதேதான். இன்றைக்கு நீ எழுதியிருக்கிற கடிதமும் அந்த மாதிரிதான் இருக்கிறது. அப்பா நீங்கள் சொல்லாவிட்டால் என் வாழ்க்கையே முடிந்துவிடும் என்கிறாய். முடியாது. வேலை போகும், கல்யாணம் தள்ளிப் போகும், தண்டனைகூட வரலாம். நீ உயிரோடு இருப்பாய்.

இப்போது என் யோக்கியதையைச் சொல்கிறேன். மறுநாள் அந்த வேலையைப் பார்க்கிற என்ஜினியர் என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று விசாரித்தார். நல்ல மனுஷன், எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறவர். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஒரு விதி எழுதியிருப்பார், தொட்டிக்குத் தொட்டி ஒரு போர்டு தொங்கியிருக்கும். எனக்கு இன்டர்வியூ ஞாபகம் இருந்தது. காற்றாட விடாமல் இறங்கி விழுந்தவன் என்று பெயர் வந்தால் பர்மனென்ட் போய்விடுமோ என்று பயந்தேன். கால் வழுக்கித் தலையில் அடிபட்டது சார் என்றேன். ஏன் வழுக்கியது என்று கேட்டார். ஏணிப்படியில் எண்ணெய் சிந்தியிருந்தது என்றேன். எண்ணெய் டப்பாவைத் தூக்கி வந்தது யார் என்று கேட்டார். கலியன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை. ஆமாங்க, நான்தான் சிந்திட்டேன் என்று அவனே சொன்னான். அவனை இரண்டு வாரம் வேலைக்கு வர வேண்டாமென்று நிறுத்தினார்கள். என்னை உயிரோடு எடுத்து வெளியே போட்டவன் அந்த இரண்டு வாரமும் முந்திரித் தோப்பில் விறகு வெட்டினான். எனக்கு பர்மனென்ட் கிடைத்தது. நீ லீவுக்கு வந்து இந்த குவார்ட்டர்ஸில் ஃபேனுக்கடியில் படுத்து, நம்ம வீடு நல்லா இருக்குப்பா என்றாய். நானும் ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் நான் போன இடத்துக்கெல்லாம் கலியனுக்கும் கான்ட்ராக்ட் வேலை வாங்கிக் கொடுத்தேன். அதை என் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். மூடிக் கிடந்த தொட்டியோ, வால்வுக் குழியோ எதுவானாலும் அவன்தான் அரிக்கேன் விளக்கைக் கொளுத்தி இறக்குவான். ஏன் என்று டாக்டரம்மா சொன்னதை அவனுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். ஆபீசில் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் எண்ணெய்க் கதையைச் சொல்ல வேண்டும். படித்துவிட்டு வந்த மகன் முன்னால் நான் யோக்கியனாக இருக்க ஆசைப்பட்டேன். நீ பெயின்டிங் கான்ட்ராக்டரிடம் சுப்பர்வைசராகச் சேர்ந்து, நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கேட்டபோது, வேலை தெரிந்தவன், கலியனை வைத்துக்கொள் என்று உன்னிடம் அனுப்பியதும் நான்தான். ஆளை அனுப்பினேன். அவனைக் காப்பாற்றி வந்த விஷயத்தை அனுப்பவில்லை. அது என் குற்றம். அதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கலியன் செத்த அன்று காலை, தொட்டிக்குள் ஆள் விழுந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு நான் பம்ப் ஹவுஸிலிருந்து ஓடி வந்தேன். நீ தொட்டியின் மேல் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாய். கலியனின் மச்சான் ராசுவைக் கீழே மணலில் கிடத்தியிருந்தார்கள்; மாமாவைத் தூக்கப் போகிறேன் என்று இரண்டு படி இறங்கித் தலையை உள்ளே விட்டவன் துவண்டுபோக, மேலே நின்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த அந்தத் தொட்டியின் வாய் வழியாகக் குனிந்து பார்த்தேன். அடியில் கலியன் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் அவன் கையிலிருந்து விழுந்த டார்ச் லைட் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. எரிகிற விளக்கு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி இறக்கினேன். ஒரு முழம்கூடப் போகவில்லை, அணைந்துவிட்டது. கம்ப்ரஸர் ஹோஸைப் போட்டுக் காற்றை அடித்து அடித்து, அவனை மேலே கொண்டுவரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அப்போதும் நான் உன்னைத் திட்டவில்லை. உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெரியாமல் நடந்துவிட்டது, என் மகனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காத பாவி நான் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் நீ கான்ட்ராக்டரின் ஜீப்பில் ஏறி கடலூர் போனாய். செத்தவன் வீட்டுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்று நான் சொன்னது உன் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாய்.

மூன்றாம் நாள் ராசுவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருபது வயது பையன். படுக்கையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்று யாரும் அவனைக் கேட்கவில்லையாம். நான் கேட்டேன். மெதுவாகச் சொன்னான்.

"மாமா மூடியைத் தெறந்ததும் உங்க புள்ளைகிட்ட அரிக்கேன் எங்கங்க தம்பின்னு கேட்டாருங்க. பட்டப்பகல்ல அரிக்கேன் எதுக்குய்யா, டார்ச் இருக்குதுல்லன்னு கையில குடுத்தாரு. இல்லீங்க, ஐயா எப்பவும் வெளக்கு எறக்கிப் பாத்துட்டுதான் வுடுவாருன்னு மாமா சொன்னாரு. அப்பா காலம் வேற, என்ஜினியர் வர நேரமாச்சு, எறங்குன்னாரு. மாமா எறங்கிட்டாருங்க. நாலு படிதான். கூப்புடவும் இல்ல, கத்தவும் இல்ல. பேசிக்கினே போனவரு வுழுந்துட்டாரு."

நீ மூன்று தடவை கூப்பிட்டாயாடா? நாலு படி இறங்குவதற்குள் மூன்று தடவை கூப்பிட்டாயா? வெளிச்சத்துக்காகத்தான் விளக்கு கேட்கிறான் என்று நீ நினைத்தது அறியாமை. அதை நான் மன்னிப்பேன். அந்த அறியாமையில் பாதி என்னுடையது. ஆனால் அவன் கேட்டான். உன்னைவிட இருபது வயது மூத்தவன், உன்னைத் தம்பி என்று கூப்பிட்டுக் கேட்டான், காரணமிருந்து கேட்கிறான் என்று உனக்கு ஒரு நிமிஷம் தோன்றவில்லை. டிப்ளமா படித்தவனுக்குக் கூலிக்காரன் சொல்வது காதில் ஏறவில்லை. அதுவும் போகட்டும். தப்பு நடந்த பிறகு, அவனால் இனி வாய் திறக்க முடியாது என்று தெரிந்து, அவன் மேல் பழியைத் தூக்கி வைத்து எழுதினாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதை எங்கே கற்றாய் என்று யோசித்தேன். எண்ணெய் டப்பா ஞாபகம் வந்தது. உனக்குத் தெரியாமலே என் புத்தி உனக்கு வந்திருக்கிறது. அதனால்தான் கோபம் இரட்டிப்பாக இருக்கிறது.

முந்தாநாள் உன் கடிதம் வந்ததும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெத்த பிள்ளையைக் காட்டிக் கொடுக்கவா போறீங்க என்று கேட்டாள். ஒரே பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டான், செத்தவன் திரும்பி வரப் போவதில்லை என்று அழுதாள். கல்யாணம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்றாள். நேற்றுக் காலை லீவு போட்டுவிட்டு விசாரணை அதிகாரியிடம் போனேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் விழுந்ததையும், நான் சொன்ன பொய்யையும், டாக்டரம்மா விளக்கியதையும், ராசு சொன்னதையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, சுப்பர்வைசர் உங்க மகன்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுகிறீர்களா என்றார். இன்றைக்கே போடுகிறேன் சார் என்று போட்டுவிட்டேன். என் மேல் என்ன நடவடிக்கை வரும் என்று தெரியாது. வரட்டும். வீட்டுக்கு வந்து சொன்னதிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

கையெழுத்துப் போட்டதோடு என் கடன் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கிருந்து நேராக சைக்கிளை எடுத்துக்கொண்டு கலியன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி அஞ்சலை வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என் மகன் எழுதியது பொய், உன் புருஷன் மேல் ஒரு தப்பும் இல்லை, இதை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். கும்பிட்டுக் காலில் விழாத குறையாகச் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. தப்பு யாருடையது என்பது பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையிலிருந்ததை உரித்துப் போட்டுவிட்டு வேறொன்று கேட்டாள்.

"ஆபீசுல அத்தப் படிச்சிக் காட்டுனாங்க. மூச்சு முட்டிச்சுன்னு எழுதி இருந்திச்சி. நான் தெனமும் மூக்கையும் வாயையும் பொத்திக்கினு பாக்கறேங்க. கொஞ்ச நேரங்கூட தாங்க முடியல, நெஞ்சு வெடிச்சிடுது. அவுரு அப்படித்தான் துடிச்சிக்கினு கெடந்தாரா?"

நான் அவள் எதிரில் மண்ணில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவன் துடிக்கவில்லை, அந்தத் தொட்டியில் மூச்சு முட்டாது, பிடரியில் இருக்கிறது அவனிடம் ஒன்றும் சொல்லியிருக்காது, அவனுக்குப் பயம்கூட வந்திருக்காது, விழுந்து பிழைத்தவன் சொல்கிறேன் நம்பு என்று சொன்னேன். உடம்பு நம்மைக் கைவிடுகிற அந்த ஒரு விஷயம், அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"நீங்க என் மனசு ஆற சொல்றீங்க. எங்க வூட்டுக்காரரு மேல உங்களுக்குப் பிரியம், அதான். எழுதுனவரு படிச்சவரு, பக்கத்துலயே நின்னு பாத்தவரு. அவுரு எதுக்குங்க பொய் எழுதப் போறாரு? அவுரு வந்து சொல்லட்டும். அப்ப நம்பறேன்."

விசாரணையில் நீ என்ன சொல்வாய் என்பது உன் பாடு. என் வாக்குமூலம் போய்விட்டது, அதை இனி யாராலும் மாற்ற முடியாது. வக்கீலைப் பார், கான்ட்ராக்டரைப் பார், என்னைப் பைத்தியக்காரன் என்று சொல். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறு. வடலூரில் மாறி கம்மாபுரம் வண்டியைப் பிடி. நம் வீட்டுக்கு வராதே, நேராக அவள் வாசலுக்குப் போ. மூச்சு முட்டியது என்று நான் எழுதியது பொய், அவர் பேசிக்கொண்டே போனார், துடிக்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். நீ பார்த்தது அதுதான். நீ வந்து சொல்கிறவரைக்கும் அந்தப் பெண் தினமும் தன் மூக்கைப் பொத்திப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

அப்பா